கோட்டைப் பிரபு சனிக்கிழமை வருகிறார்

அவளுடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. போலந்துப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையக் கொஞ்சக் காலம் எடுக்கும். நுழைந்துவிட்டால் பிறகு லேசில் போகாது. எழுதினால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடிப் போகக்கூடிய ஒருவர் இன்னும் இருக்கலாம் என்பதற்காகத்தான் எழுதவில்லை. ஒஸ்லோவின் நடுவில் ஆறுமாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் என்னோடு ஒன்றேகால் வருடம் துப்புரவு வேலை செய்தவள். அந்த ஒன்றேகால் வருடத்தில் அவள் என்னிடம் ஒரேயொரு முறைதான் உதவி கேட்டாள். நான் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

போலந்துக்காரர் தாராளமாக வந்து வேலை செய்யலாம் என்று நோர்வே கதவைத் திறந்துவிட்ட காலம் அது. ஆண்கள் வீடு கட்டவும் பெயின்ற் அடிக்கவும் கூட்டமாக வந்தார்கள். பெண்கள் குறைவு. ஒருநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் மேற்பார்வையாளர் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் நோர்வேக்காரர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். ஆறு மாடியையும் நீங்கள் இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடிவிட்டார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று. கட்டையான உருவம், வைக்கோல் நிறத் தலைமயிர், சிரிப்புக்குத் தயாராக இருந்த வாய்.

அவள் முதலில் செய்த வேலை, பின்பக்கக் கதவு எங்கே என்று கேட்டது. காட்டினேன். திறந்து பார்த்தாள். வெளியே படிகள் எந்தத் தெருவுக்குப் போகின்றன என்று எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மேலங்கியைக் கழற்றினாள். சிகரெட் பிடிக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் சிகரெட்டைத் தொடுவதே இல்லை என்று தெரிய ஒரு கிழமை எடுத்தது. அப்போதும் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை.

முதல் மாடியில் ஆண்கள் கழிப்பறைக் கதவில் பழைய பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. அதில் 'ஹெர்ரர்' என்று எழுதியிருக்கும். நோர்வேஜிய மொழியில் 'ஹெர்ரே' என்றால் பிரபு, எசமான். 'ஹெர்ரன்' என்றால் 'அந்தப் பிரபு'. தேவாலயத்தில் கடவுளைக் கூப்பிடுவதும் அதே சொல்தான், கழிப்பறைக்குப் போகிற ஆண்களுக்கும் அதே சொல்தான். இந்த நாட்டில் மொழி படிக்க வந்த எங்களுக்கெல்லாம் இது பெரிய பகிடி. அவள் அந்தத் தகட்டை விரலால் தட்டினாள்.

"இது பிரபுமாரின்ர இடமோ?"

ஓம், பிரபுமாருடையதுதான் என்றேன்.

"அங்கை ஒரு ஹெர்ரனுக்குக் கழுவினனான். இஞ்சை கனபேருக்குக் கழுவவேணும்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினாள்.

இரண்டு பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். எங்கள் சிநேகிதம் ஆண்கள் கழிப்பறை வாசலில் தொடங்கியது என்று பிற்பாடு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரிப்பு மூட்டியிருக்கிறேன்.

அவளும் நானும் பேசியது நோர்வேஜியத்தில். இருவருடையதும் நொண்டி மொழி. நான் இங்கே அவள் பேச்சை எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் என் காதில் அது அப்படித்தான் விழுந்தது. நோர்வேஜியத்தில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் 'டூ'தான். அவள் 'டூ' என்று சொல்லும்போது எனக்கு 'நீர்' என்று கேட்கும்.

அவளுடைய ஊரில் ஒரு கோட்டை. அதை இப்போது நூதனசாலை ஆக்கிவிட்டார்கள். அதில் அவள் பதினெட்டு வருடம் தரை துடைத்திருக்கிறாள். அங்கே விலையுயர்ந்த மரத்தளமாம், சப்பாத்துக் கால் படக்கூடாதாம். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் உள்ள பெட்டியிலிருந்து ஆளுக்கொரு சோடி தடித்த கம்பளிச் செருப்பை எடுத்து, சப்பாத்தோடு காலை அதற்குள் விட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டும். வழிகாட்டி வராத நாட்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை சொன்னதும் அவள்தான். சம்பளம் தரை துடைக்கத்தான், கதை சும்மா என்பாள்.

அந்தக் கம்பளிச் செருப்பில் இரண்டு சோடியைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் பெரிய அதிகாரிகளின் கூட்ட அறை, அங்கே மட்டும் மரத்தளம். அதைத் துடைத்து முடித்ததும் எனக்கு ஒரு சோடியைத் தருவாள். இருவரும் அந்தப் பெரிய மேசையைச் சுற்றிச் சுற்றிச் சறுக்குவோம். தரை முகம் பார்க்கிற மாதிரி மினுங்கும். ஒருமுறை நான் சுவரில் போய் மோதி, அங்கே மாட்டியிருந்த யாரோ ஒரு பழைய அதிகாரியின் படத்தைச் சரித்துவிட்டேன். அவள் ஓடிவந்து படத்தை நேராக்கிவிட்டு, "மன்னிக்கவேணும் ஹெர்ரன்" என்று படத்துக்குக் குனிந்து வணக்கம் சொன்னாள்.

எட்டு மணிக்குக் கீழே கன்டீனில் கோப்பி. கன்டீனில் வேலை செய்தது கமலா, கரவெட்டிக்காரி, என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்து இந்த நாட்டுக்குள் வந்தவள். கால் மணித்தியாலம் மூன்று பேரும் இருப்போம். அந்தக் கால் மணித்தியாலம் முழுக்கக் கோட்டைப் பிரபுதான்.

முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஆள். அவருடைய குளத்தில் தவளை கத்தி அவர் நித்திரை குழம்பக்கூடாது என்று, ஊர்ச்சனம் விடிய விடியக் குளத்தங்கரையில் நின்று தண்ணீரைத் தடியால் அடிக்கவேண்டுமாம். இன்றைக்கும் அந்தக் குளத்துத் தவளைகள் வாய் திறப்பதில்லையாம். விருந்துக்கு வந்தவர்கள் நேரத்தோடு போய்விடாமலிருக்க வண்டிச் சில்லுகளைக் கழற்றி ஒளித்துவைத்துவிடுவாராம். காலடிச் சத்தம் அவருக்கு ஆகாதாம், அதனால் கோட்டைக்குள் எல்லாருடைய காலிலும் கம்பளி சுற்றவேண்டுமாம். செத்த பிறகும் அவர் போகவில்லை. கறுப்பு நாய்களோடு ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு திரிகிறார். சும்மா சாத்தியிருந்த கதவு காலையில் திறந்து கிடந்தால் அது அவர் வேலை.

எல்லாவற்றுக்குள்ளும் அவள் இந்தப் பிரபுவைக் கொண்டுவந்துவிடுவாள். தூசி உறிஞ்சும் மெசினின் பை வெடித்தால், லிஃப்ட் நின்றால், கோப்பி கசந்தால், "ஹெர்ரன் வந்திட்டுப் போயிருக்கிறார்." ஒரு மாதத்தில் கமலாவும் நானும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டோம். என் மகன் கணக்கில் புள்ளி குறைந்து வந்தபோதுகூட எங்கள் வீட்டில் பிரபுவின் பெயர்தான் அடிபட்டது.

அவளுக்கு நாங்கள் கொடுத்த சிரிப்பும் ஒன்று இருக்கிறது. கமலாவோடு நான் பேசும்போது, இவர் இன்னும் எழும்பவில்லை, இவருக்குத் தடிமன், இவர் மீன் வாங்கி வந்தவர் என்று வாய்க்கு வாய் 'இவர்' வரும். எங்கள் பெண்கள் புருசன் பெயரைச் சொல்வதில்லையே. ஒருநாள் அவள் மிகவும் அக்கறையாக, "ஈவாருக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. ஈவார் என்பது இங்கே ஆண்களுக்கு வைக்கிற பெயர். பக்கத்து வீட்டில் ஒரு ஈவார், மகனின் பள்ளிக்கூடத்தில் ஒரு ஈவார். நான் ஒரு நோர்வேக்காரனைக் கட்டியிருக்கிறேன் என்று அவள் மூன்று மாதமாக நம்பியிருந்திருக்கிறாள். மேற்பார்வையாளருக்கும் சொல்லியிருக்கிறாள். அந்த நத்தார்ப் பண்டிகைக்கு நிறுவனத்திலிருந்து வந்த வாழ்த்து மட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ஈவாருக்கும்' என்று அழகாக எழுதியிருந்தது. இவர் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினார்.

அது பெயரில்லை, நாங்கள் பெயரைச் சொல்வதில்லை, 'இந்த ஆள்' என்பது போல ஒரு சொல்தான் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நன்றாகச் சிரித்தாள். பிறகு கோப்பிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எங்கட ஊரிலயும் ஒருத்தரின்ர பெயரைச் சொல்லுறேல்லை."

"ஆற்ற?"

"ஹெர்ரன்ர. சொன்னால் வந்து நிண்டிடுவார்."

பேய்க்குள்ள சட்டம் என்று நினைத்தேன். எங்கள் ஊரிலும் இரவில் பாம்பின் பெயரைச் சொல்வதில்லை என்று கமலா தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். கதை பாம்புக்குப் போய்விட்டது. உனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் பாம்புக் கதையில் சேர்ந்துகொண்டேன்.

கமலாவுக்கும் எனக்கும் ஆகப் பிடித்தது பிரபுவின் மனைவியைப் பற்றிய கதைகள். அவற்றை அவள் ஆறுதலாக, ஒரு கிழமைக்கு ஒன்றாகத்தான் சொல்வாள். சீமாட்டி எங்கேயும் போய்விடக்கூடாது என்று பிரபு அவளுடைய சப்பாத்துகளை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டித் திறப்பைக் கழுத்தில் போட்டிருந்தாராம். மாரிகாலம் முழுக்க அவள் வீட்டுச் செருப்போடு யன்னலடியில் நின்றாளாம். அவர் குடித்துவிட்டு வரும்போது அவள் உள்ளே இருந்து படிகளை எண்ணுவாளாம். மொத்தம் பதினேழு படி. ஒரே மூச்சில் பதினேழும் ஏறினால் அன்றைக்குப் பயமில்லை. ஒன்பதாவதில் நின்று மூச்சு வாங்கினால் அன்றைக்குப் பொல்லாத நாள். அழுகைச் சத்தமும் அவருக்குப் பிடிக்காது, அதனால் சீமாட்டி சிரிக்கப் பழகிக்கொண்டாளாம்.

"பிறகு?" என்பேன் நான். கமலா தன் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"பிறகு ஒருநாள் கம்பளிச் செருப்போட பனிக்குள்ள இறங்கி வடக்குப் பக்கமா நடந்திட்டாவாம்."

"பிறகு?"

"பிறகு தெரியாது. அவர் இன்னும் நாயளோட தேடுறாராம்."

இவ்வளவையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு எங்கள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். கதை எடுபட்டதா என்று பார்க்கிறாள் என நான் நினைத்தேன். நூதனசாலையில் பழகிய பழக்கம்.

ஒரு சனிக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் அவளைக் கண்டேன். நான் இறைச்சியும் பாகற்காயும் வாங்க வந்திருந்தேன், அவள் கடைக்குக் கடை சும்மா பார்த்துக்கொண்டு நடந்தாள். வா வீட்டுக்கு என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். எல்லாரும்தான் கழற்றுவோம், தமிழரும் கழற்றுவோம், நோர்வேக்காரரும் கழற்றுவார்கள். ஆனால் அவள் கழற்றியதை அடுக்கில் வைக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, சப்பாத்துகளை அதற்குள் போட்டு, கதிரையில் வந்திருந்து மடியில் வைத்துக்கொண்டாள். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடியும்வரை அது மடியிலேயே இருந்தது.

அவள் போன பிறகு, "நாங்கள் என்ன சப்பாத்துக் கள்ளரோ?" என்று இவர் கேட்டார். அதுவும் எங்கள் வீட்டுப் பகிடிகளில் ஒன்றாகிவிட்டது.

இவர் அமைதியான மனிதர். அன்றைக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது இவர்தான், கோப்பை கழுவியதும் இவர்தான். அவள் இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேத்திலை இவர் அடுப்பில் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டார். அவளுடைய கை மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தது. நான் கண்டேன். கண்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திங்கட்கிழமை வேலையில் என்னிடம், "உம்மட ஈவாரின்ர பெயரைச் சொன்னாலும் பயமில்லை" என்றாள். புருசனைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் கசக்கும்? நான் சந்தோசப் புளுகத்தில் மற்றதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நவம்பர் மாதம் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. முதல் பனி பெய்து தெரு சேறாகிக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு வேலையில் மனமே இல்லை. இவருடைய தங்கை குடும்பம், பிள்ளைகளோடு ஐந்து பேர், லண்டனிலிருந்து மறுநாள் வந்து பத்து நாள் நிற்கப்போகிறார்கள். எங்களுடையது இரண்டு அறை வீடு, மகன் மகளோடு நாங்களே நாலு பேர். யாரை எங்கே படுக்க வைப்பது, மெத்தையை யாரிடம் இரவல் வாங்குவது என்று மனதுக்குள் கட்டில் தூக்கிக்கொண்டிருந்தேன். முதல் மாடியில், அந்தப் பித்தளைத் தகடு போட்ட கதவடியில், மொப்பைப் பிழிந்துகொண்டு நின்றபோது அவள் வந்தாள்.

"ஹெர்ரன் சனிக்கிழமை வாறார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேய்க்கும் இஞ்சை வர விசா குடுத்திட்டாங்களோ?" என்றேன்.

விசா என்று எங்கள் ஆட்கள் வாய் திறந்தால் அது பகிடியாகத்தான் முடியும். அவ்வளவு அழுதிருக்கிறோம் அதற்காக. என்னுடைய அம்மாவுக்கு இந்த நாட்டு விசா மூன்று தரம் மறுக்கப்பட்டது. ஒரு போலந்துப் பேய் நினைத்த நேரத்தில் ஒஸ்லோவுக்கு வரலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்ததோ என்னவோ.

அவளும் சிரித்தாள். "எங்கட ஆக்களுக்கு இப்ப விசா தேவையில்லை" என்றாள். பிறகு சிரிப்பு மாறாமலே கேட்டாள்: "உம்மட வீட்டில ஒரு கிழமைக்கு எனக்கு இடம் இருக்குமோ?"

"இந்தக் கிழமை எங்கட வீட்டில பேய்க்கும் இடமில்லை" என்றேன். லண்டன் ஆட்கள் வருகிற கதையைச் சொன்னேன். மெத்தைக் கதையைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். ஓம், ஐந்து பேர் என்றால் கஷ்டம்தான் என்று எனக்கு ஆறுதலும் சொன்னாள். பிறகு போய்த் தன் பங்கு மாடிகளைத் துடைத்தாள். போகும்போது தன் அலுமாரியிலிருந்து ஒரு சோடி கம்பளிச் செருப்பை எடுத்து வந்து, "இதை நீர் வைச்சிரும்" என்று தந்தாள். லண்டன் பிள்ளைகள் வீட்டுக்குள் சறுக்கி விளையாடத் தருகிறாள் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு நாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஏழு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். அவள் வேலையை விட்டுவிட்டாள், வேறு ஆள் வரும்வரை நான் தனியாகச் சமாளிக்கவேண்டும் என்றார். சனிக்கிழமை அவளுடைய கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டடத் திறப்பையும் அட்டையையும் ஒப்படைத்தாராம். ஊருக்குத் திரும்பிப் போகிறார்களாம். நல்ல மரியாதையான மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், கைலாகு கொடுத்தார் என்றார்.

அவளுக்குக் கணவர் இருக்கிறாரா என்று கேட்டேன்.

இருக்கிறாரே என்றார் அவர். பிறகு போகப் போனவர் நின்று, ஏதோ வேடிக்கையை நினைத்துக்கொண்டவர்போல, "அவசரமாக வெளிக்கிட்டவை போல. இந்தப் பனிக்குள்ள அவ வீட்டுச் செருப்போட வந்தவ" என்றார்.

மொப் என் கையில் இருந்தது. அந்தத் தகடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஹெர்ரர். கடவுளும் அதே சொல், கழிப்பறையும் அதே சொல், புருசனும் அதே சொல். வாய்க்கு வாய் 'இவர்' என்று சொல்லித் திரிந்த எனக்கு, இன்னொருத்தி ஒரு ஆளின் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா? உலகத்தில் வேறு யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் மேலங்கியை எடுத்துப் போட்டார். அவள் வாடகைக்கிருந்த அறைக்குப் போனோம்; வெறுமையாக இருந்தது. பொலிசுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் கேட்டார். கணவர் அடிப்பதாக உங்களிடம் சொன்னாளா? இல்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னாளா? இல்லை. எந்த ஊர்? சொல்லியிருக்கிறாள், எனக்கு உச்சரிக்கத் தெரியவில்லை. கடைசியாக, கணவரின் பெயர் என்ன என்று கேட்டார். எழுதுவதற்குப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னிடம் கொடுக்க ஒரு பெயர் இல்லை. ஹெர்ரன் என்று சொல்லவா? அந்தத் தாளில் அந்த இடம் வெறுமையாகத்தான் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது லண்டன் பிள்ளைகள் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டு நடையில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கி வாங்கிவிட்டேன். சின்னவன் அழுதான். இரவு படுக்கும்போது எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர் அந்த வீட்டில் படுத்திருந்தோம். பத்தாவது ஆளுக்குச் சமையலறையில் மேசைக்குக் கீழே இடம் இருந்தது. ஊரில் சண்டைக்காலத்தில் ஒரு அறைக்குள் இருபது பேர் படுத்த சனம் நாங்கள். இடமில்லை என்று நான் சொன்னது பொய்.

நாலு வருடத்துக்குப் பிறகு, மகளின் பல்கலைக்கழக விடுமுறையில், மலிவு விமானத்தில் போலந்துக்குப் போனோம். எதற்கு இந்த ஊர் என்று மகள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். கம்பளிச் செருப்பு, தவளைக் குளம், கொடூரமான பிரபு என்று கணினியில் தேடிக் கோட்டையைக் கண்டுபிடித்ததே அவள்தான். ஜூன் மாதம். குளத்தைச் சுற்றி நாணல். தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

வாசலில் பெட்டி இருந்தது. நான் என் பையிலிருந்து சொந்தச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாசலில் நின்றவர் அதை ஒரு மாதிரிப் பார்த்தார். மரத்தளத்தில் முதல் அடி வைத்ததுமே என் கால் தானாகச் சறுக்கியது. அவள் பதினெட்டு வருடம் மினுக்கிய தரை அது. ஆறாம் மாடிக் கூட்ட அறையைவிட நன்றாக மினுங்கியது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, மகள் எனக்குச் சொன்னாள். தவளைக் கதை வந்தது. வண்டிச் சில்லுக் கதை வந்தது. கறுப்பு நாய்கள் வந்தன, கதவு தள்ளுகிற பேய் வந்தது. ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்ன அதே கதைகள். மேலே போகிற கல்படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பத்தெட்டு. மாடி வரைக்கும் எங்கேயும் பதினேழு இல்லை. மேலே ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம், பிரபுவின் படம் இருந்தது, அவருடைய நாயின் படம்கூட இருந்தது. சீமாட்டியின் படத்தைக் காணவில்லை. அவருடைய மனைவியைப் பற்றிக் கேள் என்று மகளிடம் சொன்னேன். சப்பாத்துகளைப் பெட்டியில் பூட்டிவைத்தாரே, அந்த மனைவி. பனிக்குள் வடக்கே நடந்து போனாளே, அவள்.

மகள் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அவருக்கு மனிசியே இல்லையாம். கலியாணம் கட்டாமல்தான் செத்தவராம்."

திரும்பக் கேள் என்றேன். பதினேழு படியைச் சொல்லு, ஒன்பதாவது படியைச் சொல்லு, சிரிக்கப் பழகினதைச் சொல்லு. மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் ஆர்வமாகத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். நல்ல கதைகளாக இருக்கின்றனவே, தான் ஒன்றையும் கேள்விப்பட்டதில்லை, உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டாராம். முன்பு இங்கே தரை துடைத்து, பிறகு நோர்வேக்குப் போன ஒருத்தியைத் தெரியுமா என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பெயரைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தான் புதிதாக வந்தவள், இந்த ஊரில் பாதிப்பேர் நோர்வேக்கும் இங்கிலாந்துக்கும் போனவர்கள்தான் என்று அவர் சொன்னார்.

அவள் என்னிடம் ஒரேயொரு முறைதான் உதவி கேட்டாள் என்று தொடக்கத்தில் எழுதினேன். அந்த மாடியில் போய் நிற்கும்வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது பிழை. சப்பாத்துப் பெட்டியைச் சொன்ன கிழமையும் கேட்டிருக்கிறாள். படிகளை எண்ணியதைச் சொன்ன கிழமையும் கேட்டிருக்கிறாள். அழாமல் சிரிக்கப் பழகியதைச் சொல்லிவிட்டு, கன்டீன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் கோப்பியைக் குடித்துக்கொண்டு, "பிறகு?" என்றேன்.